றுவைஸின் மூன்றாவது மைக்

றுவைஸ் மெனேஜர் வேலையை விட்ட பிறகு அவன் வீட்டுக் குசினியில் ஒரு கறிகூட நிம்மதியாகக் கொதித்ததில்லை.

நான் போகிற நேரமெல்லாம் அவன் குசினி வாசலில்தான் நிற்பான். கைகளைப் பின்னால் கட்டி, ஒரு காலை முன்னால் வைத்து, மைதானக் கோட்டருகே நிற்கிற அதே நிலை. உள்ளே அவனுடைய மனைவி ஷாமிலா வேர்த்துக்கொண்டு நிற்பாள். இறுதியாட்டத்துக்கு முதல் நாள் நான் கிண்ணியாவுக்குப் போனபோது மீன் பொரிபட்டுக்கொண்டிருந்தது.

"உப்புப் போத்தல இடப்பக்கம் வை, ஷாமிலா. உப்புக்கும் அடுப்புக்கும் இடையில எத்தின தரம் ஓடுறாய். வீண் ஓட்டம்."

"நான் ஓடுறது உங்களுக்கு என்ன செய்யுது?"

"கடைசி நேரத்தில கால் களைச்சிரும். இப்ப மீனைத் திருப்பு. திருப்பு. திருப்பு எண்டா... சரி, பிந்திட்டாய்."

ஷாமிலா அகப்பையோடு என் பக்கம் திரும்பினாள்.

"கதிரை அண்ணன், நாளைக்கு இந்த மனிசனுக்கு அந்த டீவி வேல கிடைக்காட்டி நான் கந்தளாய்க்கு, உம்மாட வீட்ட போயிருவன். சும்மா சொல்லல்ல. பேக்கும் கட்டி வெச்சிருக்கன்."

அலுமாரிக்கு மேலே ஒரு பை இருந்தது உண்மைதான். றுவைஸ் அதையும் பார்த்தான்.

"பாரமான சாமானை அடியில வெச்சனியா?" என்று கேட்டான்.

என்னுடைய பெயர் இரத்தினசிங்கம். ஊர் சாம்பல்தீவு. ஆனால் மைதானத்தில் எல்லாருக்கும் நான் கதிரை. கிண்ணியா பாலத்தடி விளையாட்டுக் கழகத்தில் நான் மேலதிக கோல்கீப்பர். எங்களுடைய முதல் கோல்கீப்பருக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட வந்ததில்லை. அதனால் நான் விளையாடிய காலமெல்லாம் கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தே கழிந்தது. பக்கத்துக் கதிரை மெனேஜருடையது. அது றுவைஸுடையது.

அவன் முதலில் பெரிய ஆட்டக்காரன். கிண்ணியாவில் வெறுங்காலோடு ஓடியவனைக் கொழும்புக் கழகம் ஒன்று கூட்டிக்கொண்டு போனது. நாட்டுக்காகவும் சில ஆட்டங்கள் விளையாடினான். பிறகு ஒரு மழைநாளில் முழங்கால் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் திரும்பிவிட்டன. ஊருக்கு வந்தவன் வேறு வேலை தேடவில்லை, பாலத்தடிக் கழகத்தைத் தேடிப் போனான். பயிற்சி கொடுப்பது, ஆட்களைத் தெரிவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாவற்றுக்கும் அவன் ஒருவன்தான். அவனுடைய காலத்தில் கிண்ணத்தை லொறியில் ஏற்றிக் கிண்ணியாப் பாலத்தால் ஊர்வலம் போயிருக்கிறோம்.

ஆட்டம் தொடங்கினால் அவன் கத்தத் தொடங்குவான். இடம், வலம், குடு, விடு, ஓடு, நில். முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை நிற்காது. சந்தோசம் வந்தாலும் கோபம் வந்தாலும் பக்கத்தில் இருக்கிற என்னுடைய தொடையில் ஓங்கி ஒரு அடி. அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஆட்கள் பழகியிருந்தார்கள், கரையில் இருக்கிறவன் அலைச் சத்தத்துக்குப் பழகின மாதிரி. அவன் நல்ல சத்தத்தில் கத்துகிறவரை பயமில்லை. கண்ணால் பார்க்கக்கூடாத ஒன்றைக் கண்டால் மட்டும் அவனுக்கு வாயடைத்துப் போகும். ஆகவே எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. றுவைஸின் சத்தம் நின்றால் எல்லாரும் தங்கள் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன வருட இறுதியாட்டத்தில் அதுதான் பிழையாய்ப் போனது. கடைசி நேரம், எதிரணிக்குக் கோணர் உதை. எங்கள் பின்வரிசை ஆள் நிதுசன் தூரக் கம்பத்தை விட்டுவிட்டு முன்னால் வந்துவிட்டான். றுவைஸ் அதைக் கண்டு வாயடைத்து நின்றான். ஆனால் அதே நேரம் மைதான அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் சோடா தந்த கடைக்காரருக்கு நீண்ட நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். றுவைஸின் சத்தம் நின்றது ஒருவருக்கும் கேட்கவில்லை. பந்து தூரக் கம்பத்தடியில் உள்ளே போனது.

அடுத்த கிழமை அவனாகவே விசிலைக் கழற்றி, அணித்தலைவனாக இருந்த நிப்றாஸின் கழுத்தில் போட்டான். "இனி நீ கத்து" என்றான்.

அதற்குப் பிறகுதான் தொலைக்காட்சி வந்தது. கொழும்பில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி மாகாண ஆட்டங்களை நேரடியாகக் காட்டத் தொடங்கியது. தயாரிப்பாளர் யசோதரா என்ற பெண். இந்தப் பக்கத்து ஆட்டக்காரர்களைத் தெரிந்த, வாய் உள்ள ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டாராம். வாய் என்றால் றுவைஸ் என்று ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள்.

முதல் தடவை, ஒரு தண்ட உதை வெளியே போனதும் மைக்கைத் தரையில் அடித்தான். இரண்டாம் தடவை பாதி ஆட்டத்தில் அறையில் ஆளைக் காணவில்லை. வீட்டில் டீவி பார்த்த சனத்துக்கு வர்ணனை கேட்கவில்லை, ஆனால் வர்ணனையாளர் திரையில் தெரிந்தார். கோட்டருகே நின்று யாரோ ஒரு அணிக்கு இடம் வலம் காட்டிக்கொண்டிருந்தார்.

"சேர், இது மூண்டாவது," என்று யசோதரா தொலைபேசியில் சொன்னார். "இறுதியாட்டம். இதில சரிவந்தா நிரந்தர வேலை. சரிவராட்டி எனக்கு வேற வழியில்ல. குறை நினைக்காதேங்கோ."

"குறை இல்ல மிஸ். ஒரு ஆளைக் கூட்டி வரலாமா?"

"எதுக்கு?"

"பக்கத்தில வெச்சுக்கொள்ள."

அப்படித்தான் நான் போனேன். ஆட்டக்காரர்களின் பெயரையும் இலக்கத்தையும் எடுத்துக்கொடுக்கிற உதவியாளர் என்று சொன்னார்கள். உண்மையில் நான் தொடை.

இறுதியாட்டம் திருகோணமலை நகரத்தில், கடற்கரைக்குக் கிட்ட உள்ள மைதானத்தில். ஒரு பக்கம் நிப்றாஸின் பாலத்தடி. மறுபக்கம் என்னுடைய ஊரின் இளந்தென்றல் கழகம். அதன் மெனேஜர் தனோஜன், நேற்றுவரை விளையாடிக்கொண்டிருந்தவன். வாசலில் என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டான்.

"கதிரை அண்ணை, சாம்பல்தீவில பிறந்து கிண்ணியாவுக்கு ஆமா போடுற ஒரே ஆள் நீங்கள்தான்."

"நான் இண்டைக்கு நடுநிலை. டீவிக்கு வந்திருக்கிறன்."

"உங்கட சேரும் நடுநிலையோ?"

"அவர் அதைவிட நடுநிலை."

தனோஜன் சிரித்துவிட்டுப் போனான். அவனுக்கும் நம்பிக்கையில்லை, எனக்கும் இல்லை.

வர்ணனைக்கு எங்களுக்குத் தந்த இடம் மைதானத்து மண்டபத்தின் மேல்மாடி அறை. ஏசி, இறுக்கிப் பூட்டிய கண்ணாடி ஜன்னல், இரண்டு கதிரை, காதை முழுதாக மூடுகிற ஹெட்போன். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. கோணர்க் கொடியடியில், இந்த நகரத்தில் மாடுகள் மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு நின்று கடலை சுற்றிய கடதாசிச் சரைகளைத் தின்றுகொண்டிருந்தன. கொழும்பிலிருந்து வந்த கமராக்காரர் மட்டும் அவற்றைப் படம் பிடித்தார்.

மைதான அறிவிப்பாளர் வேண்டாம் என்று யசோதரா சொல்லியிருந்தார். அந்தச் சத்தம் எங்கள் மைக்குகளில் வந்து விழுமாம். ஆனால் ஸ்பீக்கர் செற் வாடகைக்கு விடுகிற மூதூர் முஹம்மது தம்பி விடியவே வந்து விளக்குக் கம்பங்களில் குழாய்களைக் கட்டிவிட்டார். நாங்கள் மேலே ஏறும்போது அவர் படியடியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"சத்தமில்லாம ஒரு பைனலா? மையத்து விழுந்த வீடா இது?" என்று கேட்டார்.

"மிஸ்ஸிட்டக் கேளுங்க காக்கா," என்று சொல்லிவிட்டு றுவைஸ் மேலே போனான்.

ஆட்டம் தொடங்கியது. றுவைஸ் இரவிரவாகப் பாடமாக்கியதைச் சொல்லத் தொடங்கினான்.

"அன்பார்ந்த நேயர்களே, எழில்மிகு திருமலை மண்ணிலிருந்து இனிய மாலை வணக்கங்கள். இதோ, பந்தானது நடுக்களத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பதை அவதானிக்கக்கூடியதாக உள்ளது."

யசோதராவின் குரல் எங்கள் காதுக்குள் வந்தது. அவர் கீழே நிறுத்தியிருந்த டீவி வேனுக்குள் திரைகளுக்கு முன்னால் இருந்தார்.

"சேர், செய்தி வாசிக்காதேங்கோ. மனிசரோட கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ."

றுவைஸ் என்னைப் பார்த்தான். நான் தொடையைக் காட்டினேன். அவன் ஒரு அடி அடித்தான். பிறகு சரியாகிவிட்டான்.

"சரி, கேளுங்க. இப்ப பந்து நிதுசன்ட காலில. பாலையூற்றுப் பொடியன். நல்லவன். ஆனா பந்து கிடைச்சா ஊர் முழுக்கக் காட்டிட்டுத்தான் குடுப்பான். வலப்பக்கம் ஒருத்தன் சும்மா நிக்கிறான். குடுத்திரு மகன். குடுத்திரு."

நிதுசன் தலையை நிமிர்த்தி, பந்தை வலப்பக்கம் கொடுத்தான்.

"பாத்தியா," என்று றுவைஸ் மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னான். "நான் பழக்கினது. இன்னும் மறக்கல்ல."

"சேர், இப்பிடியே போங்கோ," என்றார் யசோதரா. "சனம் எழுதிக்கொண்டே இருக்குதுகள். கனடாவில இருந்தும் எழுதுதுகள். எங்கயோ ஒரு எதிரொலி மட்டும் வருது, அதை நான் பாக்கிறன்."

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. முன்னால் ஓடு என்பான், பாலத்தடி ஓடும். இப்ப உதை என்பான், உதைப்பார்கள். அப்படி உதைத்த பந்தொன்று கோலுக்குள் போனது. என்னுடைய தொடை சிவந்தது. எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. றுவைஸ் ஒவ்வொரு தரம் வாய் திறக்கும்போதும் பார்வையாளர்கள் எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒரு ஐஸ்பழக்காரர் கையும் காட்டினார். டீவியில் வந்தால் இப்படித்தான் மரியாதை கூடும் என்று நினைத்து நானும் திருப்பிக் கை காட்டினேன்.

"எங்கட கோல்கீப்பர், அதாவது பாலத்தடிட கோல்கீப்பர், கெட்டிக்காரன்," என்றான் றுவைஸ். "ஒரே ஒரு குறை. முன்னுக்கு வந்து நிண்டிருவான். தலைக்கு மேலால தூக்கிப் போட்டா கதை முடிஞ்சுது. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தன்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. இளந்தென்றலின் ஏழாம் இலக்கக்காரன் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்தே பந்தைத் தூக்கி உதைத்தான். எங்கள் கோல்கீப்பரின் தலைக்கு மேலால் போய் விழுந்தது.

றுவைஸ் கதிரையில் சாய்ந்தான். "தனோஜன் நல்லாத்தான் படிச்சு வந்திருக்கிறான்," என்றான்.

ஒன்றுக்கு ஒன்று. அதோடு இடைவேளை விசில்.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அதே நேரம் கதவைத் திறந்துகொண்டு நிப்றாஸும் தனோஜனும் உள்ளே வந்தார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவர்களை அவன் இன்னும் காணவில்லை.

"மிஸ்," என்று றுவைஸ் மைக்கில் சொன்னான், "ஒரு பிளேன் டீ கிடைக்குமா? சீனி கொஞ்சம் தூக்கலா."

திறந்த கதவால் வெளியிலிருந்து அதே குரல் வந்தது. மைதானம் முழுக்க, எல்லா விளக்குக் கம்பங்களிலிருந்தும். மிஸ், ஒரு பிளேன் டீ கிடைக்குமா, சீனி கொஞ்சம் தூக்கலா. அதைத் தொடர்ந்து சனம் சிரிக்கிற சத்தம் வந்தது.

றுவைஸ் மைக்கைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"தொடக்கத்தில இருந்தேவா?" என்று கேட்டான்.

"எழில்மிகு திருமலை மண்ணில இருந்து," என்றான் நிப்றாஸ்.

நடந்தது இதுதான். முஹம்மது தம்பிக்கு மனம் கேட்கவில்லை. அறிவிப்பாளரைத்தானே வேண்டாம் என்றார்கள், ஸ்பீக்கரை வேண்டாம் என்றார்களா என்று தனக்குள்ளே ஒரு நியாயம் கண்டுபிடித்தார். எங்கள் மைக் வயர் போகிற பெட்டியில் ஒரு துளை சும்மா கிடந்தது. தன்னுடைய வயரை அதில் குத்திவிட்டார். றுவைஸ் டீவி பார்க்கிற சனத்துக்குச் சொன்னதெல்லாம் ஆட்டக்காரர்களின் காதில் விழுந்தது.

"சேர், இவர் பாலத்தடி டீமை மேல இருந்து நடத்துறார்," என்று தனோஜன் யசோதராவைப் பார்த்துச் சொன்னான். அவரும் அதற்குள் படியேறி வந்திருந்தார். பதற்றத்தில் அவரையும் சேர் என்று கூப்பிட்டான்.

"என்ட டீமையா?" என்றான் நிப்றாஸ். "என்ட கோல்கீப்பர்ட குறையை ஊருக்கே சொல்லிக் குடுத்தது ஆர்? அந்தக் கோல் உங்களுக்கு இவர் தந்தது. நான் கீழ நிண்டு தொண்டை கிழியக் கத்துறன், ஒருத்தனும் திரும்பிப் பாக்கிறான் இல்ல. எல்லாரும் கம்பத்தைப் பாக்கிறாங்க."

"அப்ப ரெண்டு டீமையும் நடத்தியிருக்கிறார்."

"ரெண்டும் ஒவ்வொண்டு போட்டிருக்கு," என்றேன் நான். "நடுநிலைதானே."

அந்த நேரம் மத்தியஸ்தரும் மேலே வந்தார்.

ஒலிபெருக்கியை நிறுத்துவோம் என்று மத்தியஸ்தர் முடிவெடுத்தார். முஹம்மது தம்பி வயரைக் கழற்றினார். மைதானம் அமைதியானது. அந்த அமைதி சனத்துக்குப் பிடிக்கவில்லை. முதலில் கைதட்டல், பிறகு விசில், பிறகு வேலித் தகரத்தில் தட்டுகிற சத்தம். றுவைஸ் எங்கே, றுவைஸ் எங்கே என்று கேட்டார்கள். சாம்பல்தீவு ஆட்கள்தான் கூடுதலாகத் தட்டினார்கள். மத்தியஸ்தர் ஜன்னல் கண்ணாடியால் பார்த்துவிட்டு, "குடுத்திருங்க, வேலி போயிரும்," என்றார். முஹம்மது தம்பி வயரைத் திரும்பவும் குத்தினார்.

யசோதரா கதிரையை இழுத்து றுவைஸுக்கு முன்னால் இருந்தார்.

"சேர், நல்லாக் கேளுங்கோ. மெனேஜர் கதைக்கிறது பந்து போக முதல். நீங்கள் கதைக்க வேண்டியது பந்து போன பிறகு. நடந்ததைச் சொல்லுங்கோ. நடக்க வேண்டியதைச் சொல்லக்கூடாது. ஒரு தரம் சொன்னியள் எண்டா மைக்கை மூடிடுவன். வேலையும் இல்ல."

"அப்ப நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறன் மிஸ். அதுதான் பாதுகாப்பு."

"அதுவும் ஏலாது. டீவியில சத்தம் நிண்டா சனம் சனலை மாத்திடும். கதைச்சுக்கொண்டே இருக்கோணும்."

"ஏலுமா?" என்று தனோஜன் கேட்டான். அவனுக்குப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும்.

"ஷாமிலா பேக் கட்டி வெச்சிருக்கா," என்றான் றுவைஸ். "ஏலும்."

இரண்டாம் பாதியில் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் கை தொடைக்குப் போகிறது. சொல்ல வேண்டியதெல்லாம் அவனுடைய வாய்க்குள் வந்து, போக வழியில்லாமல், கைக்குப் போய் என்மேல் இறங்கியது.

"பந்தை... குடுத்தார். ஆருக்குக் குடுத்தார் எண்டா... குடுக்கக்கூடாத ஆளுக்குக் குடுத்தார். அதாவது குடுத்தாச்சு. நான் ஒண்டும் சொல்லல்ல. ஏழாம் இலக்கம் ஓடினார். நல்லா ஓடினார். சாம்பல்தீவில காற்றுக்கு எதிரா ஓடிப் பழகின கால் அது. உதைச்சார். போகல்ல."

வரவரச் சூடு பிடித்தது. பந்துக்குப் பின்னால் ஓடி ஓடி அதைப் பிடிக்கிற மாதிரிக் கதைத்தான். ஆட்டக்காரனின் ஊரைச் சொன்னான், தகப்பனைச் சொன்னான், அவன் எந்த வயலில் விளையாடிப் பழகினான் என்று சொன்னான். ஒருவன் விழுந்தால், இவனுடைய மாமாவும் இதே இடத்தில்தான் விழுந்தவர் என்றான். கோணர்க் கொடியடிக்குப் பந்து போனபோது மான்கள் விலகி வழிவிட்டதையும் சொன்னான். "எங்கட பின்வரிசையைவிட இதுகளுக்கு இடம் விளங்குது" என்று சொல்லப் போய், இடையில் நிறுத்தி, "மான்கள் விலகின" என்று மட்டும் சொன்னான். கீழே சனம் உருண்டு சிரித்தது. இளந்தென்றல் உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது பாலத்தடிக்காரனான அவனே ஐயோ என்று கத்தினான். அது நடிப்பில்லை. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

"சேர், இதுதான்," என்றார் யசோதரா மெதுவாக. "இதை விடாதேங்கோ."

ஆட்டம் முடிகிற நேரம். இன்னும் ஒன்றுக்கு ஒன்று. இளந்தென்றலுக்குக் கோணர் உதை கிடைத்தது.

"கோணர் உதை. பந்தை வெச்சிட்டாங்க. கொடியைத் தடவுறார். எல்லாரும் உள்ளுக்கு வந்திட்டாங்க. இளந்தென்றல்ட உயரமான ஆக்கள் ரெண்டு பேரும் வந்தாச்சு. நிதுசன் தூரக் கம்பத்தில நிண்டார். நிண்டார், இப்ப..."

நிதுசன் நடக்கத் தொடங்கினான். போன வருடம் நடந்த அதே நடை. முன்னால் யாரோ ஒருவன் தள்ளுப்படுகிறான் என்று அவனைப் பிடிக்கப் போனான். தூரக் கம்பம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஏழாம் இலக்கக்காரன் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரித் தனியே வந்து நின்றான்.

றுவைஸ் எழும்பிவிட்டான். வாய் திறந்தது. நிதுசன், பின்னுக்கு. இரண்டே சொல். சொன்னால் கோல் தப்பும், வேலை போகும். நான் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னை அடிக்கவில்லை. என்னுடைய தொடையைப் பிடித்துக்கொண்டான். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"சேர்," என்றார் யசோதரா. "சேர், கதையுங்கோ. சேர்."

மைதானம் முழுக்கச் சத்தம் அறுந்துபோனது. எல்லா விளக்குக் கம்பங்களும் ஊமையாகிவிட்டன. பந்து கொடியடியிலிருந்து கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது.

நிதுசன் நடந்தவன் நின்றான்.

பிறகு முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் மட்டுமில்லை, எங்கள் பின்வரிசை முழுக்கத் திரும்பியது. கோல்கீப்பரும் திரும்பினான். அவனுக்குப் பின்னால் வலையைத் தவிர ஒன்றும் இல்லை, ஆனாலும் திரும்பினான். நிதுசன் ஏழாம் இலக்கக்காரனைக் கண்டான். ஓடி, எழும்பி, கம்பத்தோடு சேர்த்துத் தலையைக் கொடுத்தான். பந்து வெளியே தெறித்து, எங்கள் முன்வரிசை ஆளின் காலடியில் விழுந்தது. இளந்தென்றல் எல்லாரும் இந்தப் பக்கம் நிற்க, அவன் தனியே ஓடினான்.

அவன் உதைத்து, பந்து உள்ளே போய், வலை ஆடி முடிந்த பிறகுதான் றுவைஸுக்கு வாய் வந்தது.

"போயிட்டுது. நேயர்களே, எல்லாம் நடந்து முடிஞ்சுது, இப்ப நான் சொல்லலாம். நிதுசன் தலையால தட்டினார். அந்தத் தலைக்குள்ள ஒண்டும் இல்ல எண்டு நான் எத்தின வருசம் ஏசியிருப்பன். மன்னிச்சுக்கொள் மகன். தட்டின பந்து ஓடினது, ஓடின பந்து உள்ள போனது. பாலத்தடி ரெண்டு. இளந்தென்றல் ஒண்டு. எனக்கு ஒரு பிளேன் டீ."

கடைசி விசில் ஊதியதும் தனோஜன் மத்தியஸ்தரையும் இழுத்துக்கொண்டு மேலே வந்தான். பின்னால் நிப்றாஸ். அதற்குப் பின்னால் கமராக்காரரும் வந்தார். ஆட்டம் முடிந்த பிறகு மெனேஜர்களோடு கதைக்கிற நிகழ்ச்சிக்கு அது நேரம். யசோதரா கமராவை நிறுத்தச் சொல்லவில்லை.

"அவர் சொல்லிக் குடுத்தவர்," என்றான் தனோஜன்.

"என்ன சொன்னவர்?" என்று மத்தியஸ்தர் கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்ல."

"பிறகென்ன?"

"அதுதான் பிரச்சினை. இந்த மனிசன் வாயை மூடினா அவங்கள் பின்னுக்குத் திரும்புவாங்கள். மாகாணத்துக்கே தெரியும்."

மத்தியஸ்தர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். "ஒரு ஆள் கதைக்காம இருந்ததுக்கு நான் எந்தக் கார்ட்டைக் காட்டுறது?" என்று கேட்டார்.

றுவைஸ் தனோஜனின் தோளில் கையை வைத்தான்.

"தம்பி, வேணுமெண்டு செய்யல்ல. எனக்கு வாயடைச்சுப் போச்சு. சொல்ல விருப்பமிருந்துது. சொல்லாம நிண்டன். நிண்டதும் பிழையாப் போச்சு. நான் என்ன செய்ய?"

"நிதுசனை நானும் கூப்பிட்டன்," என்றான் நிப்றாஸ். அவனுடைய குரல் கரகரத்துப் போயிருந்தது. கிண்ணம் கையில் இருந்தும் முகத்தில் சிரிப்பு அரைவாசிதான். "கத்திக் கூப்பிட்டன். திரும்பேல்ல. இவர் பேசாம இருந்ததுக்குத் திரும்பினான். நாளையில இருந்து பயிற்சிக்கு எல்லார்ட காதிலயும் பஞ்சு வெக்கப்போறன். இனிக் கண்ணால பாத்து விளையாடட்டும்."

"நல்ல யோசனை," என்றான் றுவைஸ். "ஆனா பஞ்சை வலக் காதில..." என்று தொடங்கி, யசோதராவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தனோஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"கோல் கோல்தான். நான் முறைப்பாடு ஒண்டும் எழுதிக் குடுக்கமாட்டன். ஆனா ஒரு நிபந்தனை. அடுத்த வருசமும் இவர்தான் கதைக்கோணும். வாயை மூடக்கூடாது. தண்ணி குடிக்கவும் கூடாது. முதல் விசிலில இருந்து கடைசி விசில் வரைக்கும் சத்தம் நிக்கக்கூடாது. ஒத்துக்கொள்ளுறியளோ, மிஸ்?"

"எனக்கும் அதுதான் வேணும்," என்றார் யசோதரா. பிறகு றுவைஸின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்கள்தானே சேர். அடுத்த மாதம் கொழும்பில முதல் ஆட்டம். பாலத்தடி விளையாடுற ஆட்டத்துக்கு மட்டும் பக்கத்தில இன்னொரு ஆளையும் இருத்துவன். உங்களுக்கு வாயடைச்சா அவர் கதைக்கட்டும்."

"வயரை?" என்று படியடியிலிருந்து முஹம்மது தம்பி கேட்டார்.

"வயரை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார் யசோதரா.

றுவைஸ் வீட்டுக்கு அழைப்பு எடுத்தான். ஷாமிலா எல்லாவற்றையும் டீவியில் பார்த்திருந்தாள். பையை இறக்கச் சொன்னான். அது காலையிலேயே இறக்கியாச்சு என்றாளாம். வேலை கிடைத்த செய்தியைக் கேட்டபின் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மாதத்தில் எத்தனை நாள் கொழும்பில் நிற்க வேண்டும்?

இது நடந்து சில மாதங்களில் நான் கட்டாருக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு பண்டகசாலையில் வேலை. வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. போன வெள்ளி ஷாமிலா அழைப்பு எடுத்தாள்.

"இப்ப குசினியில எப்பிடி, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"இப்ப ஏவல் ஒண்டும் இல்ல அண்ணன். நான் செஞ்சு முடிச்ச பிறகு சொல்றார். ஷாமிலா வெங்காயத்தை எடுத்தார், ஷாமிலா வெட்டினார், ஷாமிலாட கண்ணில தண்ணி வந்தது எண்டு. நிப்பாட்டவே மாட்டார். ஆனா கறி கெடுறதில்ல."

பின்னால் அவனுடைய சத்தம் கேட்டது. "ஷாமிலா கதிரையோட கதைச்சார்," என்றான்.

ஆட்டமுள்ள நாட்களில் கட்டிலில் சாய்ந்திருந்து போனில் பார்ப்பேன். அவனுடைய குரல் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். அறையில் என்னைத் தவிர ஒருவரும் இருக்க மாட்டார்கள். கோல் விழுந்தால் வலது தொடையில் நானே ஒரு அடி அடித்துக்கொள்வேன். அவன் அடிக்கிற மாதிரி வராது.